காத்து டப்பாவுக்குப் போன பிளானல்

பொழுது சாய்வதற்குள் கோபம் தணிந்துவிட வேண்டும் என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்வார். எனக்கு எத்தனையோ ஆயிரம் பொழுது சாய்ந்துவிட்டது. இன்றும் தெருவில் ஒரு மோட்டார் வண்டி உறுமிக்கொண்டு போனால் என் வயிறு எரிகிறது. கையில் வேதப்புத்தகம் இருந்தாலும் எரிகிறது. ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆம்பூரில் ஒரு தோல் முதலாளி வீட்டில் அப்பா மோட்டார் ஓட்டினார். பெரிய முதலாளிக்குக் கறுப்பு வண்டி. அவருடைய மகனுக்குச் சிவப்பு வண்டி. அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம், மேலே கூரையும் கிடையாது. "வெயில்ல காயறதுக்கும் மழையில நனையறதுக்கும் இவ்ளோ வெலையா?" என்று அத்தை கேட்பாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா; புருஷன் செத்தபிறகு எங்களோடுதான் இருந்தாள். ஓடுகிற வேகம்தான் அந்த வண்டியின் ஒரே குணம். சின்ன முதலாளிக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்த வண்டியின் இஞ்சின் மூச்சு வாங்குகிற வழியில் ஒரு தகர டப்பா இருக்கும். உள்ளே கம்பி வலையால் ஒரு கூடு, கூட்டின்மேல் எண்ணெய் தோய்த்த கனமான துணி. காற்று அந்தத் துணியில் புகுந்துதான் இஞ்சினுக்குள் போகும், தூசி துணியிலேயே நின்றுவிடும். அப்பா அதைக் காத்து டப்பா என்பார். வேறு ஊராக இருந்தால் அந்தத் துணி வருஷக்கணக்கில் உழைக்குமாம். எங்கள் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டையை மலைமலையாக இடிக்கிறார்கள். அந்தத் தூள் சோற்றில் விழும், தலையில் விழும், கோயிலில் பாட்டுப்புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கு நடுவிலும் கிடக்கும். இரண்டு மாதத்தில் துணி அடைத்துக்கொள்ளும், வண்டி இருமத் தொடங்கிவிடும்.

அம்மா அப்போது பிரசவத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று எங்கள் பெட்டியில் ஒரு பிளானல் துணி காத்திருந்தது. கோயில் பெண்கள் சங்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கொடுத்தது. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலக்கோடு. பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்கும். அதற்கு ஒரு பக்கம் சிவப்பு நூலால் ஓரம் அடித்தது நான். விரலில் ஏழெட்டு இடத்தில் ஊசி குத்தியது.

"பொறக்கறதுக்கு முன்னாடி துணி தெக்கக்கூடாது, கண்ணுபடும்" என்று அத்தை முணுமுணுத்தாள். அவள் ஞானஸ்நானம் வாங்கி முப்பது வருஷம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அம்மா சிரித்தாள். "நாம ஜெபம் பண்றவங்க அண்ணி, நமக்கு இன்னா கண்ணு?" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலூரிலிருந்து வந்தார். நேரே அடுப்படிக்குப் போய் அத்தையிடம் என்னவோ பேசினார். அத்தை வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. கேட்டேன். புகை என்றாள். அடுப்பே அப்போது மூட்டியிருக்கவில்லை.

"பாப்பா பொறந்துட்டுதா அத்தை?"

"பொறந்துட்டுது. ஆஸ்பத்திரியில இருக்குது. அம்மா பொதங்கெழமை வரும். நீ போய் கை கழுவு."

தம்பியா தங்கையா என்றுகூடச் சொல்லவில்லை. கை கழுவினேன்.

மறுநாள் ஞாயிறு. கோயில்மணி அடித்தது. அப்பா வெள்ளைச் சட்டை போடவில்லை. நான் பிறந்ததிலிருந்து அவர் ஒரு ஞாயிறு தவறியதில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். அன்றைக்கு முதலாளி வீட்டுக்குப் போய்ச் சிவப்பு வண்டியை ஓட்டிவந்து எங்கள் வீட்டுப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். முதலாளி வீட்டை ஒட்டிய தோல் ஷெட்டில் வைத்து அதைத் திறந்தால் பட்டைத்தூள் பூராவும் இஞ்சினுக்குள் போய்விடும், அதனால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பின்னாலேயே சின்ன முதலாளி வந்தார். "நாளைக்கு ரயிலோட பந்தயம் கட்டியிருக்கேன். ஆம்பூர்ல ஒண்ணா கெளம்பி வாணியம்பாடிக்கு ரயிலுக்கு முன்னாடி நான் போய் நிக்கணும். வண்டி இருமினா ஒன் வேலை போய்டும், பாத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும் அவர் சொன்னது சொன்னதுதான்.

"ஓய்வுநாளும் அதுவுமா அந்தச் சனியன்ல கைய வெக்கிறியேடா" என்றாள் அத்தை. அப்பா காத்து டப்பாவின் மேல்திருகைக் கழற்றி, மூடியைத் தூக்கி, கூட்டை வெளியே எடுத்தார். பழைய துணி கறுத்து, கையில் எடுத்ததுமே அப்பளமாக நொறுங்கியது. மெட்ராஸிலிருந்து புதுசு வர ஒரு வாரமாகும். அத்தை ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்க்கா. துணி இருக்குது."

உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பும்போது அவர் கையில் பிளானலும் கத்தரிக்கோலும்.

நான் கத்திய கத்தலில் தெருவில் போன மாடே நின்றது என்று பிற்பாடு அத்தை சொல்வாள். "அது பாப்பாதுப்பா! பாப்பாது!" என்று கையைப் பிடித்துத் தொங்கினேன். அப்பா என்னை உதறவும் இல்லை, பார்க்கவும் இல்லை. சிவப்பு ஓரத்துக்கு ஒட்டினாற்போல் கத்தரியை வைத்து வெட்டினார். மூன்று துண்டு. இரண்டைக் கூட்டின்மேல் சுற்றி நூலால் கட்டினார். மூன்றாவதை மேலே வைத்து மூடினார். எல்லாவற்றையும் கூட்டோடு எண்ணெயில் முக்கி வடியவிட்டார். வெள்ளைத் துணி கருப்பட்டி நிறத்துக்கு மாறிற்று.

"நீ எனக்கு அப்பா இல்ல. மொதலாளிக்குத்தான் அப்பா" என்றேன்.

அத்தை என் வாயில் அடித்தாள். அப்பா, "வுடுக்கா" என்றார். அவ்வளவுதான். டப்பாவை மூடித் திருகிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அத்தனை அட்டூழியம் செய்துவிட்டு ஒரு மனிதனுக்குத் தூக்கம் வருகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பகல் சோறு தின்னவில்லை. அத்தை கண்ணயர்ந்ததும் புங்கமரத்தடிக்குப் போனேன். அப்பா கழற்றியதைப் பார்த்திருந்தேனே, ஒரே ஒரு திருகு. மூன்று துண்டையும் உருவிக்கொண்டு, வெறுங்கூட்டை உள்ளே வைத்து மூடினேன். கிணற்றடியில் சோடா போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் போகவில்லை. காயவைத்து, பெட்டியில் அம்மாவின் புடவைகளுக்கு நடுவே ஒளித்தேன். அதன்பிறகு முழங்காலில் நின்று, ஆண்டவரே, அந்த வண்டி நாசமாகப் போகட்டும் என்று ஜெபித்தேன்.

ஆண்டவர் சில ஜெபங்களை உடனே கேட்டுவிடுகிறார்.

திங்கட்கிழமை சின்ன முதலாளியே வண்டியை ஓட்டினார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டை இடிக்கிற கொட்டகைகளைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி தூளை வயிறு நிறையக் குடித்துவிட்டது. பாதி தூரத்தில் இரண்டு இருமல் இருமி நின்றது. ரயில் கடந்து போயிற்று. ஜன்னல்களில் தலைநீட்டி, "எறங்கித் தள்ளுய்யா! ஜல்தி!" என்று கூவினார்களாம். சின்ன முதலாளி டப்பாவைத் திறந்து பார்த்தார். வெறும் கூடு.

நாலு பேர் பார்க்க அப்பாவை என்னென்ன சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். அன்றே அப்பாவைக் காரை விட்டு இறக்கி, பதனிடாத பச்சைத்தோல் ஏற்றுகிற லாரிக்கு மாற்றிவிட்டார்கள். கார் ஓட்டக் கொடுத்திருந்த வெள்ளை உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவின் மேலிருந்து அந்த நாற்றம் போகவேயில்லை.

சாயங்காலம் வந்து என் எதிரே குந்தினார்.

"துணிய எடுத்தது நீதானே?"

"ஆமா."

"எங்க வெச்சிருக்கே?"

அவருக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன். "அடுப்புல போட்டுட்டேன். எரிஞ்சிபோச்சி" என்றேன்.

அப்பா நீளமாக ஒரு மூச்சு விட்டார். "நல்லது" என்று சொல்லி என் தலையைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

குழந்தை பிறக்கும்போதே உயிரில்லை. அப்பாதான் தன் கையால் மண் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அம்மா வந்து பெட்டியைத் திறக்கும்போது அந்தத் துணி கண்ணில் படக்கூடாது என்றுதான் தேடி எடுத்து வெட்டியிருக்கிறார். தூக்கிப்போட மனசு வராமல் ஒரு வேலைக்காவது ஆகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. இதெல்லாம் அத்தை பல வருஷம் கழித்துச் சொன்னது. சின்னப் பிள்ளைக்கு எதுக்கு என்று மறைத்தார்களாம். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? இப்போதும் கேட்கிறேன், கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லை.

புதன்கிழமை அம்மா வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. முகம் வீங்கியிருந்தது. குளித்துவிட்டு மாற்றுப்புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்; தடுக்கவில்லை.

புடவையோடு மூன்று துண்டும் சரிந்து விழுந்தன. அம்மா குனிந்து, சிவப்பு ஓரம் இருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து வந்த சத்தத்தை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. எண்ணெய்க்கறைக்காகத்தான் அழுகிறாள் என்று ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

"அழுவாதேம்மா. அப்பாதான் காருக்குக் குடுத்துட்டாரு. நான்தான் காப்பாத்தி வெச்சேன். இன்னும் ரெண்டு தபா தோச்சா போய்டும். பாப்பா வந்ததும் போத்திக்கலாம்."

அப்பா எழுந்து என்னைப் பார்த்தார். பொய் சொன்னதற்கு அடிக்கப்போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. நல்ல காரியம் செய்திருக்கிறேன், ஒருவராவது நல்லது என்று சொல்லக்கூடாதா என்று எனக்கு அன்று முழுக்க எல்லார்மேலும் கோபம்.