தலைகீழாக வந்த இலக்கங்கள்

என்னைவிடப் பெரிய மடையன் தென்காசியில் பிறந்திருக்க மாட்டான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்று அறுபதுகளில் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். ஓர் எண்ணை இலக்கம் இலக்கமாகப் பிரித்து அச்சிடும் புரோகிராமை ஊருக்கு வந்த விடுப்பு முடிவதற்குள் திருத்தாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. பத்தால் வகுத்தால் மீதிதான் கடைசி இலக்கம். ஈவை மறுபடி வகுத்தால் அதற்கு முந்தையது. ஆனால் 4725 என்று கொடுத்தால் அந்தச் சனியன் 5274 என்றே அச்சாகும்! குற்றால அருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்தும் புத்தி தெளியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பள்ளித்தோழன் காதரிடம் மேலகரம் வரை புலம்பித் தீர்த்தேன்.

"கடைசி இலக்கம்தாம்லே முதல்ல வருது. இடப்பக்கத்துலேர்ந்து வரிசையா எழுதுதேன், எல்லாம் தலைகீழா நிக்கி. மண்ட வெடிக்குதுலே!"

சிறுவயதிலிருந்து வலமிருந்து இடமாக அரபி ஓதிப் பழகியவன், நான் நீட்டிய புரோகிராம் தாளை ஒரு தடவை பார்த்தான்.

"வலப்பக்கத்துலேர்ந்து எழுதுலே, மூதி."