வெற்றிலை மறைத்த இடம்

அன்று வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: மாமனார். மாமியார். என் வீட்டுக்காரர். ஊர் மணியக்காரர். சேந்தமங்கலத்து வைத்தியர். மாமியார் இடுப்பில் என் ஆறு மாதப் பிள்ளை. நான் தள்ளி நின்றேன்.

பிள்ளை பெற்ற பிறகு வந்தது அது. வெயில் பட்டால் கையும் கழுத்தும் தடித்துச் சிவந்துவிடும். எரியும். நிழலில் உட்கார்ந்தால் சோறு வேகும் நேரத்தில் ஒன்றும் இருக்காது. கடலைக் காட்டில் பார்த்தவர்கள் குஷ்டம் என்றார்கள். வீட்டில் பார்த்தவர்கள் வேலைக்கள்ளி என்றார்கள். ஆசுபத்திரிக்குப் போனால் வெள்ளைக்காரத் துரை டாக்டர் பிடித்து வைத்துக்கொள்வார் என்று பயம். குஷ்டமென்றால் நான் தோட்டத்துக் கடைசியில் குடிசையில் இருக்க வேண்டும், பிள்ளை மாமியாரிடம் வளரும். அதைத் தீர்மானிக்கத்தான் கூடியிருந்தார்கள்.

வைத்தியர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தடிப்பு எங்கீங்க?"

"கடலை புடுங்கக் கூப்புட்டா வருமுங்க. அடுப்படிக்கு வந்தா போயிருமுங்க. புத்தியுள்ள நோவு" என்றார் மாமியார்.

மணியக்காரர் சிரித்தார்.

வைத்தியருக்கு வைத்திருந்த தாம்பூலத் தட்டிலிருந்து நான் ஒரு வெற்றிலையை எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. முன்கையில் வைத்து நாரால் கட்டி, அந்தக் கையை மட்டும் வெயிலில் நீட்டினேன்.

"என்ன அம்மிணி பண்றே?" என்றார் வைத்தியர்.

"செத்த பொறுத்துக்குங்க சாமி."

எரிந்தது. இழுக்கவில்லை. இலையை எடுத்தபோது சுற்றிலும் தடித்திருந்தது. இலை இருந்த இடம் மட்டும் வெறும் தோல்.

வைத்தியர் கருவேல முள்ளை எடுத்துத் தடிப்பில் குத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"பெருநோயின்னா வலி தெரியாதுங்க. இது அதில்லீங்க."

"பின்னே என்னங்க?" என்றார் மாமனார்.

"தெரியலீங்க. நான் பாத்ததில்ல. வெயிலு படாம இருக்கோணும், அவ்வளவுதான்."

"அப்ப ஊட்டுக்குள்ளயே கெடக்கட்டும்" என்றார் மாமனார்.

மாமியார் பிள்ளையை என் கையில் கொடுத்தார். வீட்டுக்காரர் துண்டை உதறிக்கொண்டு காட்டுக்குப் போனார்.

அப்படியே கிடந்தேன். விடிவதற்குள் தண்ணீர் சேந்தினேன். பொழுது சாய்ந்த பிறகு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டேன். நடுப்பகலில் உள்ளே கம்பு இடித்தேன். மெல்லிய சேலைக்குள் வெயில் நுழையும் என்று அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன். கம்பளிக்குள் நுழையாது. ஆனால் சித்திரையில் கம்பளி போர்த்தினால் மூச்சு முட்டும்.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் வாசலுக்கு ஓடினான். விழுந்தால் அழுகை கேட்கும். கம்பளியைத் தேடி எடுத்துப் போர்த்திக்கொண்டு போவதற்குள் வேறு யாராவது தூக்கியிருப்பார்கள். உள்ளே எங்கே நின்றால் அவன் என் கண்ணுக்குத் தெரிவான் என்று மாறி மாறி நின்று பார்ப்பேன்.

வீட்டில் இருந்தது இரண்டே சன்னல்.