ஐந்து சதவீதத்தை விடாத மனிதர்

பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் என்ற தகுதியில் சொல்கிறேன்: என் கணவர் எதையும் முழுசாக நிரப்ப விடமாட்டார். பீரோவில் ஒரு தட்டு காலி. ஊருக்குப் போகும் பையில் ஒரு ஜிப் காலி. கேட்டால், "அவசரத்துக்கு இருக்கட்டும்." நாலு பேர் துணியை மூன்று தட்டில் திணித்துவிட்டு, அந்தக் காலித் தட்டின் முகத்தில் தினமும் விழிப்பவளுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வலிப்பு நோய்ப் பிரிவின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்கே நோயாளியின் மாத்திரையை நிறுத்தி, தலையெல்லாம் வயர் ஒட்டி, வலிப்பு வரும்வரை நாள்கணக்கில் பதிவு செய்வார்கள். மூளையில் அது எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன். பதிவு சேரும் டிஸ்கில் நூற்றுக்கு ஐந்து பங்கை லினக்ஸ் என்கிற சிஸ்டம் தனியாக ஒதுக்கி வைத்திருக்குமாம். கம்ப்யூட்டர் நிர்வாகியான இவரைத் தவிர யாரும் அதைத் தொட முடியாதாம். மற்ற இடம் நிறைந்து பதிவு நின்றால், இவர் ஒரு வரி தட்டி அதில் கொஞ்சத்தைத் திறந்துவிடுவார். ஒரு நிமிஷத்தில் மறுபடி ஓடும். அப்புறம் நிதானமாகப் பழைய குப்பையை அள்ளிவிட்டு, திறந்ததைத் திரும்பப் பூட்டிவிடுவார்.

அந்தப் பிரிவின் தலைவரான பெரிய டாக்டருக்கு அந்தக் காலி இடம் கண்ணை உறுத்தியது. தன் சொற்பொழிவு வீடியோக்களையெல்லாம் அவர் அந்த டிஸ்கில்தான் கொட்டுவார். வீடியோவுக்கு டிஸ்கிலேயே தனி அறை மாதிரி ஒரு பார்ட்டிஷன் பிரித்துத் தருகிறேன் என்று இவர் சொன்னதற்கு, "சுவர் எழுப்பினா இடம்தான் குறையும். சும்மா கிடக்கிறதைக் குடுக்க உனக்கு என்னய்யா?" என்றாராம். மூன்று மாதம் இதே பல்லவி. கடைசியில் விளக்கம் கேட்டுக் கடிதமே வந்துவிட்டது.

கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க அப்பா வீட்டுச் சொத்தா அது? குடுத்துத் தொலைங்களேன். வேலை போச்சுன்னா அந்த அஞ்சு பர்சென்ட்டா வந்து சோறு போடும்?" என்று கத்தினேன். அவர் மறுநாள் ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்கிவிட்டு வந்தார். பெரிய டாக்டர் அன்றைக்கே வீடியோக்களை ஏற்ற ஆரம்பித்தாராம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நேற்று மத்தியானம் டிஸ்க் விளிம்புவரை நிறைந்து பதிவு நின்றது. திறந்துவிட ஒன்றும் இல்லை. எதை அழிக்கலாம் என்று கேட்கப் போனால் பெரிய டாக்டர் மீட்டிங்கில். கடைசியில் இவரே துணிந்து வீடியோக்களை அழித்து, பதிவுகளைச் சேர்த்து வைக்கும், படுத்துவிட்ட டேட்டாபேஸை எழுப்புவதற்குள் நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. தையல்காரம்மா ஒருவர் நாலு நாளாக மாத்திரை இல்லாமல் காத்துக்கிடந்த வலிப்பு, அந்த நாற்பது நிமிஷத்துக்குள் வந்து போய்விட்டது. கட்டில் கம்பியில் இடித்து உதடு கிழிந்ததுதான் மிச்சம். பதிவாகவில்லை என்று அந்தம்மாவிடம் போய்ச் சொல்லும் வேலையையும் பெரிய டாக்டர் இவர் தலையிலேயே கட்டிவிட்டார்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"என்னைத் திட்டுங்க," என்றேன்.

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகுது," என்றார். "அந்தம்மா கண்ணு முழிச்சதும், 'பதிவாயிடுச்சா தம்பி?'ன்னு சந்தோஷமா கேட்டாங்க. இல்லம்மான்னேன். 'அப்ப வலிப்பு இன்னொரு தடவை வரணும்'னு சொல்லிட்டு, கழண்டுபோன வயரை ஒட்டச் சொல்லித் தலையைக் காட்டினாங்க."