எஸ்தர் டீச்சரும் கேட்டருகில் நின்ற ஆடும்

சென்ற வியாழக்கிழமை காலை கீரப்பாளையத்திலிருந்து ஓர் ஆசிரியர் போனில் அழைத்தார். "சார், எஸ்தர் டீச்சர் தவறிட்டாங்க. மாரடைப்பு. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

2004இல் கடலூரில் நான் தலைமை ஆசிரியராக இருந்த தொடக்கப் பள்ளிக்கு, இரண்டாம் வகுப்பு ஆசிரியராக அவர் வந்தார். வீடு சிதம்பரத்தில். அம்மாவும் அவரும் மட்டும். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தெருவில் இறங்கினால் திரும்பி வரத் தெரியாது. காலையில் சோறு ஊட்டி, வீட்டை வெளியே பூட்டி, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் டீச்சர் பஸ் ஏறுவார்.

மிருகங்களுக்கு அறிவு உண்டா என்பதுதான் அவர் வகுப்பில் ஓயாத பேச்சு. பாடப் புத்தகத்தில் அது இல்லையே என்று கண்டித்தேன். "புத்தகத்தவிட காக்காவத்தான் சார் புள்ளைங்க ஜாஸ்தி பாக்குது" என்றார். ஒருமுறை கல்லெறிந்த ஒரு சிறுமியை மட்டும் ஒரு காகம் நாள்தோறும் தலையில் தட்டியது. "எல்லாரும் ஒரே யூனிபார்ம். அப்புறம் எப்படி இவளக் கண்டுபிடிக்குது?" என்று வகுப்பைக் கேட்டார். "மூஞ்சிய ஞாபகம் வெச்சிருக்கு டீச்சர்" என்று பிள்ளைகளே சொன்னார்கள். பதிலை அவராகச் சொல்வது அபூர்வம்.

அடுத்த வீட்டுக் கறுப்பு ஆடு ஒன்று வாயால் பள்ளிக் கேட்டின் கொக்கியைத் தூக்கி உள்ளே வந்து, நான் வைத்த செம்பருத்தியை மொட்டையடித்துவிடும். கோபத்தில் கொக்கியைக் கம்பியால் கட்டினேன். டீச்சர் வகுப்பையே வெளியே கூட்டி வந்துவிட்டார். ஆடு நாலைந்து முறை முட்டிப் பார்த்தது. பிறகு நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தது, கொக்கியைப் பார்த்தது, மறுபடி பிள்ளைகளைப் பார்த்தது.

"தன்னால முடியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிபோச்சி. யாரால முடியும்னும் தெரிஞ்சிருக்கு. உதவி கேக்குறதும் அறிவுதான்."

"அதுக்குத்தான் பேச்சு வராதே டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

"பாத்துக்கிட்டு நிக்குதில்ல, அதான் பேச்சு. புரிஞ்சிக்கிறது நம்ம வேலை."

கம்பியை அவிழ்க்கச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். போய்ப் படியுங்கள் என்று விரட்டினேன். ஆடு வெகுநேரம் நின்றுவிட்டுப் போனது.

2006இல் கீரப்பாளையத்துக்கு அவருக்கு மாறுதல் ஆணை வந்தது. சிதம்பரத்துக்குப் பக்கம், மதியம்கூட வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிடலாம். ஆனால் ஆணை வந்தால் மட்டும் போதாது, தலைமை ஆசிரியர் விடுவிக்க வேண்டும். "பதிலி ஆசிரியர் வந்ததும் விடுவிக்கப்படுவார்" என்று எழுதினேன். அது எல்லாரும் எழுதுவதுதான். பதிலி கேட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டேன். அவரை நம்பித்தான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், அவர் போனால் என் பள்ளி படுத்துவிடும் என்ற பயம். சுயநலம் என்று சொன்னாலும் சரிதான்.

அவர் சண்டை போடவில்லை. தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டபின் என் அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். "என்ன டீச்சர்?" என்பேன். "ஒண்ணுமில்ல சார்" என்று போய்விடுவார். ஒரே ஒரு நாள் வாய் திறந்தார்.

"அம்மா உள்ளேருந்து கதவத் தட்டிக்கிட்டே இருக்காங்களாம் சார். பக்கத்து வீட்டுல சொல்றாங்க."

"மேல எழுதியிருக்கேன் டீச்சர், வந்துடும்" என்றேன். அண்டப்புளுகு.

மறு வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை பள்ளிக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். "டீச்சரம்மாவோட அம்மா போயிட்டாங்க. பூட்டத் தொறந்தா, கதவுக்குப் பின்னாடியே உக்காந்தபடி இருக்காங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. நானே இரண்டாம் வகுப்புக்குப் போய்ச் சொன்னேன். டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைப் பெட்டியில் வைத்தார். "இப்ப ஒரு பஸ் இருக்கும்" என்றார்.

அதற்குப்பின் அவர் என் அறை வாசலில் நின்றதில்லை. 2009இல் நான் ஓய்வு பெற்றபோது இழுப்பறையில் கிடந்த அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். புதிதாக வந்தவர் ஒரே வாரத்தில் டீச்சரை விடுவித்துவிட்டார். அப்போது வீட்டில் பூட்டி வைக்க யாருமில்லை. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, டீச்சரிடமும். அவரை அறிந்த நீங்கள் அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடக்கத்துக்குச் சிதம்பரம் போனேன். அந்த வீட்டின் கதவு அன்று விரியத் திறந்திருந்தது. கீரப்பாளையத்துப் பிள்ளைகள் யூனிபார்மோடு வரிசையில் நின்றார்கள். யாரோ என்னைக் காட்டி, டீச்சரின் பழைய ஹெச்.எம். என்று சொல்ல, ஒரு சிறுமி கிட்டே வந்தாள்.

"ஆட்டுக் கதையில வர்ற சார் நீங்களா?"

"எந்தக் கதை பாப்பா?"

"ஆடு பாத்துக்கிட்டே நிக்கும். அப்ப ஹெச்.எம். சாரே எழுந்து வந்து கம்பிய அவுத்து விட்டாருன்னு டீச்சர் சொன்னாங்களே."

நான் தலையை ஆட்டினேன். சின்னப் பிள்ளையிடம் வேறென்ன சொல்ல?

போய் வாருங்கள், எஸ்தர் டீச்சர். அந்தக் கம்பியை நான் அவிழ்க்கவே இல்லை.