தள்ளியவர்கள் யாரும் ஏறியதில்லை

பல்லண்ணன் தன் காரைத் தானே கெடுத்துக்கொள்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. பேக்கரியில் புறப்பட்டபோது பேச்சு அவ்வளவுதான். தையல் கடையைத் தாண்டும்போது 'ஆளுக்கு மறதி வந்துவிட்டது' என்றானது. குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்குள் நுழைந்தபோது, அழுகிற பொம்மை முகங்கள் சூழ, 'பாவம், தனி ஆள். யாராவது மகளுக்குச் சொல்லுங்கள்' என்று வளர்ந்திருந்தது. சொல்ல வேண்டிய அந்த 'யாராவது' யார் என்பதில் மட்டும் குழு மௌனம் காத்தது.

இந்த மாதிரிப் பேச்சை நம்புவது சுலபம். சரிபார்க்கப் போனால்தான் தொல்லை, பாதி உண்மையாக இருந்து தொலைக்கும். இதுவும் அப்படித்தான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாய்களை அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் சுண்ணாம்பு வார்ப்பில் ஒரு வாயைச் செய்து, அதற்குப் பல் கட்டித் திருப்பி அனுப்புவார். ஊரில் எத்தனையோ பேர் இவர் கட்டிய பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். இவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, அவர்களுக்கு இவரைத் தெரியாது. பட்டறையில் அவரோடு இருப்பவை ஒரு மோட்டார், ஒரு அடுப்பு, அலமாரி நிறையத் திறந்த வாய்கள். ஒரு வாயாவது பேசவேண்டுமே!

மனைவி இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் வேறு ஊரில். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை பார்ப்பார். மழை வந்தால் என்ன, வராவிட்டால் என்ன அவருக்கு? ஆனால் அதைச் சொல்கிற பெண் கடைசியில் "நாளை சந்திப்போம்" என்பாள். அவரிடம் அப்படிச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

அடுத்தது கார். வாங்கியபோது பச்சை என்று சொல்லி விற்றார்கள். இப்போது அதன் நிறத்தைக் கேட்டால் அதுவே யோசிக்கும். கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். என்ஜினின் முன்மூடி கயிற்றில் கட்டியிருக்கும். கதவு பூட்டாது, பூட்ட வேண்டிய அவசியமும் இல்லை, திருடன் வந்தாலும் தள்ளத்தானே வேண்டும்?

அந்தத் தள்ளுதான் கதை. மனைவி இறந்த அந்த வருஷத்தில் ஒரு நாள் காலை பேட்டரி மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் 'க்ளுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"என்ன பல்லண்ணே, மூச்சு இல்லையா?"

"எனக்கா, வண்டிக்கா?"

"அட, ஜோக்கெல்லாம் வருது! எறங்காதீங்க, கியரைப் போடுங்க. நாங்க தள்ளுறோம்."

எதிர்க்கடை தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். அலுவலகம் போகப் புறப்பட்ட வங்கி அதிகாரி பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். பல்லண்ணன் கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டுக் காத்திருந்தார். கார் நகர்ந்தது. வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, தும்மி, உயிர் பிடித்தது. பின்னால் மூன்று பேரும் "ஓ!" என்று கத்தினார்கள். நிறுத்தினால் அணைந்துவிடும், நிறுத்தி நன்றி சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

பட்டறை போய்ச் சேர்கிற வரைக்கும் அவர் முதுகில் அந்த மூன்று பேரின் கையும் இருந்த மாதிரி இருந்தது. சாயந்தரம் திரும்பியபோது பேக்கரிக்காரர், "போய்ச் சேர்ந்தீங்களா?" என்று கேட்டார். வெகுகாலமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

பேட்டரியை அவர் மாற்றவில்லை.

காசு இல்லாமல் அல்ல, கஞ்சத்தனமும் அல்ல. சரிபார்க்க விரும்புகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். அவருடைய பட்டறை சரிவான தெருவில் இருக்கிறது. அங்கே வண்டியை மேட்டில் நிறுத்துவார், சாயந்தரம் ஏறி உட்கார்ந்து பிரேக்கை விட்டால் அது தானே உருண்டு தானே கிளம்பும். வீட்டுத் தெருவிலும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நல்ல மேடு உண்டு, எப்போதும் காலியாகக் கிடக்கும். ஆனால் இங்கே மட்டும் பேக்கரிக்கு முன்னால், தட்டில் ஊற்றிய தண்ணீர்கூட ஓடாத சமதளத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். மேட்டைப் பயன்படுத்தத் தெரிந்த மனிதர் அதை ஏன் தொடவில்லை என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் ஏது?

இப்படியே வெகுநாள் போயிற்று. தினம் காலையில் 'க்ளுக்'. தினம் மாவுக் கை, அளவு நாடா, அதிகாரியின் பை. தள்ளுகிற நேரத்தில் பல விஷயங்கள் பேசியாகும். அதிகாரியின் இடுப்பு வலி, பேக்கரிக்காரரின் மச்சான் தொல்லை, தையல்காரம்மாவிடம் ஒரே பேண்டை மூன்று தடவை பிரிக்கச் சொன்ன வாடிக்கையாளர். பல்லண்ணன் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் கிளட்ச்சைக் கொஞ்சம் தாமதமாக விடுவதும் உண்டு, மச்சான் கதை முடியட்டும் என்று.

பிறகு வங்கி அதிகாரி புதுக் கார் வாங்கினார். கியர் தானே மாறும், பிரேக் தானே பிடிக்கும், மழை வந்தால் தானே துடைத்துக்கொள்ளும். பல்லண்ணனை ஒரு சுற்று அழைத்துப் போனார்.

"பார்த்தீங்களா சார், இடது காலுக்கு வேலையே கெடையாது."

பல்லண்ணன் தன் இடது காலைப் பார்த்தார். வேலையிலிருந்து அனுப்பிவிட்ட ஆள் மாதிரி அது ஓரமாக உட்கார்ந்திருந்தது. "பெல்ட்டை அணியுங்கள்" என்றது ஒரு பெண் குரல். அணிந்தார். அது மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

"இது நின்னுபோனா?" என்று கேட்டார்.

"நிக்காது சார். நின்னாலும் தள்ளிக் கிளப்ப முடியாது. போன் போட்டா கம்பெனிக்காரனே வந்து தூக்கிட்டுப் போயிடுவான். யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

"யாரையுமா?" என்றார் பல்லண்ணன். அதற்கு மேல் அந்தக் காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதிகாரிக்குக் கருணை பிறந்துவிட்டது. சொந்தமாகச் சொகுசு வந்ததும் அடுத்தவர் கஷ்டம் கண்ணில் படுவது மனித இயல்பு. குழுவில் ஒரு செய்தி போட்டார், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லண்ணன் முடிவெட்டப் போயிருந்தபோது, பேக்கரிக்காரரின் அதே தொல்லை மச்சான் முன்மூடிக் கயிற்றை அவிழ்த்துப் புதுப் பேட்டரியை மாட்டிவிட்டார். வாழ்நாளில் அவர் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று பேக்கரிக்காரரே பாராட்டினார்.

திங்கட்கிழமை காலை பல்லண்ணன் வழக்கம்போலச் சாவியைத் திருப்பிவிட்டு, 'க்ளுக்'குக்காகக் காத்திருந்தார். வண்டி முதல் திருப்பலிலேயே உறுமிக் கிளம்பியது. வாசல்களில் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். அதிகாரி படம் பிடித்தார். அந்தப் படத்தில் பல்லண்ணன் சிரிக்கிறார். பல் வேலை தெரிந்தவர்கள் பார்த்தால் அது ஒட்டவைத்த சிரிப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

"இனிமே உங்களுக்கு யார் தயவும் வேணாம் பல்லண்ணே!" என்றார் பேக்கரிக்காரர். வாழ்த்தாகத்தான் சொன்னார்.

மறுநாளிலிருந்து அவர் வருவார், ஏறுவார், போவார். பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து கை காட்டுவார், சில நாள் அதுவும் இல்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். பக்கத்து சீட்டில் அட்டைப்பெட்டியில் வார்ப்பு வாய்கள் குலுங்கிக்கொண்டே வரும். சமதளத்தில் இத்தனை சுலபமாக நகர்ந்து போவது அவருக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் அவர் முன்விளக்கை எரியவிட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். இரவு முழுக்க எரிந்தால் பேட்டரி தீர்ந்துவிடும், காலையில் 'க்ளுக்'. திட்டம் என்னவோ சரிதான். இருட்டுவதற்குள் வங்கி அதிகாரி கதவைத் தட்டினார்.

"சார், லைட் போட்டுட்டு வந்துட்டீங்க. நானே அணைச்சுட்டேன்."

"அப்படியா... நன்றி."

மறுநாளும் தட்டினார். அதற்கு மறுநாள், "சார், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, ஒரு டாக்டரைப் பாருங்களேன்" என்றார். தெருவில் பேச்சு இப்படித்தான் கிளம்பியது. காரைக் கெடுக்கிறார் என்பது உண்மை. மறதி என்பதுதான் பொய். அவருக்கு எதுவுமே மறக்கவில்லை, அதுதான் அவர் கஷ்டம்.

மகள் போன் செய்தாள். "அப்பா, எல்லாரும் சொல்றாங்க. அந்தக் காரை இனிமே நீங்க ஓட்டக் கூடாது. சனிக்கிழமை வரேன், வித்துடலாம். தானா ஓடுற கார் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், அது உங்களைப் பத்திரமா பாத்துக்கும்."

"அது என்னைப் பாக்குமாம்மா?"

"கேமரா இருக்குப்பா, உள்ளயே."

சனிக்கிழமை வந்தாள். கையை நீட்டிச் சாவியைக் கேட்டாள். பேக்கரி முன்னால் அதே ஆட்கள் நின்றார்கள், இந்தத் தடவை யாரும் தள்ள வரவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கப்பா. லைட்டை அணைக்க மறந்தீங்களா இல்லையா?"

மறந்தேன் என்றால் கார் போய்விடும். மறக்கவில்லை என்றால் ஏன் எரியவிட்டீர்கள் என்று கேட்பாள். முதுகில் நாலு பேர் கை வேண்டியிருந்தது என்று மகளிடம், அதுவும் தெருவில் வைத்து, எந்த அப்பா சொல்வார்? வாயைத் திறந்தார். பட்டறை அலமாரியில் இருக்கிற வாய்கள் மாதிரி அதுவும் திறந்தபடி நின்றுவிட்டது.

"அவர் எங்க மறந்தார்? நான்தானே போடச் சொன்னேன்" என்றாள் தையல்காரம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"என் கடை முன்னாடி இருக்கிற விளக்கு எரியறதே இல்ல. கடையை அடைக்கிறப்ப பூட்டு எங்க, சாவி எங்கன்னு தடவிட்டு நிக்கிறேன். அண்ணன்கிட்டதான் லைட்டைப் போட்டு வைங்க, நான் அணைச்சுடறேன்னு சொன்னேன். அதுக்குள்ள சார் ஓடியாந்து அணைச்சுடறாரு. இருட்டுல என் கால் இடிச்சதுதான் மிச்சம்."

அதிகாரி சங்கடமாகத் தொண்டையைக் கனைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"நீங்க கேட்டீங்களா சார்? குழுவுலதானே போட்டீங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். "சரிப்பா. இப்போதைக்கு இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கே ஊர் திரும்பிவிட்டாள், மறுநாள் அவளுக்கு வேலை இருந்தது.

கூட்டம் கலைந்து இருட்டிய பிறகு பல்லண்ணன் தையல் கடை வாசலில் போய் நின்றார். எரிவதே இல்லை என்று அவள் சொன்ன விளக்கு அங்கே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா பொய் சொன்னீங்க?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "மேட்டுல நிறுத்தினா தள்ளவே வேணாம்னு எனக்கு எப்பவோ தெரியும்ண்ணே" என்றாள்.

அவருக்குக் காது சுட்டது. "தெரிஞ்சும் தள்ளுனீங்களா?"

"காலையில வந்து கடையைத் திறந்தா, ராத்திரி வரைக்கும் இந்த மெஷின் மூஞ்சியைத்தான் பாக்கணும். வெளிய வர எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?"

வாசலில் கிடந்த ஒரு பொத்தானைக் குனிந்து எடுத்து அவளிடம் நீட்டினார். பிறகு அவர், "உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன்" என்றார்.

"ஆமா, பட்டிருக்கீங்க. இத்தனை நாள் தள்ளியிருக்கோம், எங்கள்ல ஒருத்தர்கூட அந்தக் கார்ல ஏறினது கெடையாது. கிளம்பின உடனே கையை ஆட்டிட்டுப் போயிடறீங்க. ஒரு நாள் என்னை ஏத்திட்டு ஒரு சுத்து வாங்க, கணக்குத் தீர்ந்துடும்."

அவர் அதை யோசித்ததே இல்லை. அந்தக் காரைக் கிளப்பியவர்கள் எல்லோரும் தெருவிலேயே நின்றிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அட்டைப்பெட்டியைப் பின் சீட்டுக்கு மாற்றினார். முன் சீட்டை ஈரத்துணியால் துடைத்தார். தையல் கடை முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார். அவள் நாடாவோடு வெளியே வந்து, காரின் கூரைமேல் கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அட, துடைச்செல்லாம் வெச்சிருக்கீங்க! இன்னைக்கு முடியாதுண்ணே, ஸ்கூல் யூனிஃபார்ம் மலை மாதிரி கெடக்கு. நாளைக்கு."

மறுநாள் திரைச்சீலை அவசரம். அதற்கு மறுநாள் மெஷினில் ஊசி உடைந்துவிட்டது. தினமும் அவர் நிறுத்துகிறார். என்ஜினை அணைப்பதில்லை. பேட்டரி புதிது என்று தெரியும், இருந்தாலும் பழைய பயம். அவள் வந்து கூரையைத் தட்டி, என்னத்தையோ சொல்லிவிட்டு, "நாளைக்கு வரேன்" என்று உள்ளே போய்விடுகிறாள்.

கியரைப் போட்டு அவர் நகர்கிறார். பின் சீட்டில் ஊரின் வாய்களெல்லாம் கடகடவென்று உருள்கின்றன. பக்கத்து சீட்டு காலியாக, சுத்தமாக வருகிறது. அந்த ஒரு சுற்று இன்னும் பாக்கி.