பாதி, கால், அரைக்கால்

கதிர்வீச்சுப் படிப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது மூன்று சொற்கள்: நேரம், தூரம், தடுப்பு. கதிருக்கு அருகில் குறைந்த நேரம் இரு, முடிந்தவரை தள்ளி நில், நடுவில் ஈயம் வை. நர்சிங் படித்த பெண்களுக்கு நோயாளியின் கையைப் பிடிக்கச் சொல்லித்தந்தார்கள். எங்களுக்கு விலகி நிற்கச் சொல்லித்தந்தார்கள். எக்ஸ்ரே மேசையில் ஒருவரைப் படுக்கவைத்து, அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவது. நான்கு வருடத்தில் அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்கு எங்கள் ஊரான செவிலிமேட்டுக்கு வந்தால், பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்ததும் நான் ஓர் அடி நகர்ந்துகொள்வதாக அம்மா சொல்வார்.

கடைசி வருடம் எங்கள் வகுப்பு மெல்லக் கலைந்தது. ஒருத்தி துபாயில் எம்.ஆர்.ஐ. வேலைக்குப் போனாள். ஒருவன் ஸ்கேன் இயந்திரம் விற்கும் கம்பெனியில் சேர்ந்து, டை கட்டிய படத்தை அனுப்பினான். என் அறைத்தோழி ரேடியோதெரபிக்குப் போவதாக வேலூர்ப் பக்கம் கிளம்பினாள். விடுதி அறையில் நானும் அவள் விட்டுப்போன கொசுவலையும் மிச்சம். எனக்காக அம்மா காஞ்சிபுரத்திலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் சி.டி. பிரிவில் பேசி வைத்திருந்தார். டவுன் பஸ்ஸில் போய் வரலாம், ராத்திரிச் சாப்பாடு வீட்டில். எனக்கோ கதிரியக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்யும் அணு மருத்துவத்தில் ஆசை. அதற்கு மேலும் இரண்டு வருடம் படிக்க வேண்டும். வேலை கிடைத்தாலும் பெருநகரத்தில்தான் கிடைக்கும். எதையும் சொல்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நாள், கிழமை, அன்று மழையா வெயிலா என்று குறித்து வைக்கும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. அதனால் கடைசி வருடப் பயிற்சியில் நான் இருந்த வார்டுக்கு ஓர் அக்கா சிகிச்சைக்கு வந்தது தை மாதத்தின் கடைசிச் செவ்வாய் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அது அயோடின் வார்டு. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட சிலருக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுப்பார்கள். விழுங்கியதும் அவர்கள் உடம்பே சில நாளுக்குக் கதிர் வீசும். ஆகவே தனி அறை, பார்க்க யாரும் வரக்கூடாது. நாங்கள் கேமராவில் பார்ப்போம், இன்டர்காமில் பேசுவோம். காலையில் மட்டும் ஒருவர் அளவுக்கருவியோடு உள்ளே போய், தள்ளி நின்று அளந்துவிட்டு வருவார். அளவு வரம்புக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்கு அனுப்பலாம். அந்த வாரம் அளந்தவள் நான்.

அக்கா சின்ன காஞ்சிபுரத்துக்காரர். கணவர் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுபவர். மூன்று வயதில் ஒரு மகள். ஈயச் செப்பிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தபோது அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீங்க எல்லாம் இடுக்கியில புடிச்சுக்கினு எட்ட நிப்பீங்க. நான் மட்டும் வாயில போட்டுக்கணும். நல்லா இருக்குதுமா உங்க நியாயம்."

சொல்லிவிட்டு விழுங்கினார். அடுத்த நாட்களில் இன்டர்காமில் நிறையப் பேசினோம். செவிலிமேட்டில் எந்தப் பக்கம், எந்த ஸ்கூலில் படித்தேன் என்று ஊர்க்காரர்களுக்கே உரிய விசாரணை முதலில் நடந்தது. பிறகு பேச்சு மகளைப் பற்றியே போனது. காலையில் நான் கருவியோடு நுழைந்தால், தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், போட்டோ எடுக்க வந்தவளுக்காகக் காத்திருப்பதுபோல். எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பார். சொல்வேன். உள்ளே நிற்க எனக்கு அனுமதித்த நேரம் அதற்குள் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள். குழந்தையை மூன்று வாரம் தூக்கக்கூடாது, பக்கத்தில் படுக்கவைக்கக்கூடாது என்று டாக்டர் விளக்கினார். உள்ளே இருப்பது எப்படிக் குறையும் என்று கணவர் கேட்டார். எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகும், சிறுநீரில் வெளியேறுவது தனி என்று டாக்டர் பதில் சொன்னார். கணவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் வைகாசி. கருட சேவைக்கு ஊருக்கு வந்தேன். முன்பெல்லாம் தோழிகளோடு போவேன். இந்த முறை யாரும் ஊரில் இல்லை. விடியும் முன்பே தனியாகப் போய்ச் சின்ன காஞ்சிபுரத்தில் கூட்டத்தோடு நின்றேன். பெருமாள் வரும் தெருவில் மாடிகள் எல்லாம் நிறைந்திருந்தன. ஒரு மாடியில் மட்டும் ஒரே ஒருவர், அயோடின் வார்டு அக்கா. அவர்தான் என்னை முதலில் பார்த்தார்.

"மெஷின் பொண்ணுதானே? மேல வாம்மா."

கீழ்த்தளத்தில் உறவுக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்காவின் மகள் நாத்தனார் இடுப்பில் இருந்தாள். விலக்கிக்கொண்டு மேலே ஏறினேன். மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர், மூலையில் தனி வாளி. தரையில் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே சிவப்பு நிறத்தில் டேப் ஒட்டியிருந்தது. வார்டில் நாங்கள் ஒட்டியிருந்ததைப் போலவே. நான் அதன் முன்னால் நின்றுவிட்டேன், பழக்கத்தில்.

ஏன் இன்னும் இப்படி என்று கேட்டேன்.

"குழந்தை இருக்கிற வீடாச்சே. எதுக்கு வம்புன்னு." தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "வார்டுலயாச்சும் காலைல நீ வந்து பார்ப்ப" என்றார்.

அதற்குள் கணவர் டீயோடு ஏறி வந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் தம்ளரை வைத்துவிட்டு, என்னை அடையாளம் கண்டு, நலம் விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை. தினமும் மூன்று வேளையும் அவரே கொண்டுவந்து வைத்து, படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாராம். மூன்று வாரம் எப்போதோ முடிந்துவிட்டதே என்றேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. டிசைன் போடுகிறவர், ஒரு புள்ளி பிசகினாலும் பார்டர் முழுதும் கோணிவிடும் என்று அறிந்தவர். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"பாதி, கால், அரைக்கால், வீசம்... அப்பிடியே போயிக்கினே இருக்குதுமா. பாதியில பாதின்னா எங்க முடியும்? முடியவே முடியாதில்ல?"

கணக்கு சரிதான். நாள் எண்ணுகிற எனக்கும் அது தெரியும். இந்த ஊரில் தீட்டு என்று ஒருவரை ஒதுக்கி வைத்தால், இத்தனையாம் நாள் தலைக்குக் குளித்தால் முடிந்தது என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் தெளித்து, வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வார்கள். இதற்கு அப்படி ஒன்று இல்லை. தள்ளி வைக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போதும், உள்ளே வா என்று சொல்ல ஆள் இல்லை.

"இப்போ அக்காகிட்ட இருக்கிறதவிட, கோயில்ல கருங்கல் தூண் பக்கத்துல நின்னா அதிகம்ணா" என்றேன்.

"அப்போ பூஜ்யம் இல்ல."

"பூஜ்யம் யார்கிட்டயும் இல்ல. உங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்கு, என் உடம்புலயும் இருக்கு. பொறந்ததுல இருந்தே இருக்கு."

நான் டீயை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்க் கட்டிலில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்காவின் தோள் என் தோளில் பட்டது. யாருடைய தோளாவது என் மேல் பட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் நான் குறித்து வைப்பதில்லை. அக்காவின் தம்ளரை எடுத்து, டீயில் பாதியை அதில் ஊற்றிக் குடித்தேன். கணவர் அதைப் பார்த்தபடி நின்றிருந்துவிட்டு இறங்கிப் போனார்.

தெருவில் மேளம் நெருங்கியது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

ஊர்வலம் கடந்து சத்தம் பெரிய காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்தபோது, கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். அவள் நேராகக் கோடு வரை வந்து, கால் விரல் டேப்பில் படாமல் நின்றாள். நன்றாகப் பழகியிருந்தாள். அவர் குனிந்து நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். பாதி வந்தது, பாதி கிழிந்து தரையோடு ஒட்டிக்கொண்டது. மறுபடி சுரண்டினார். பசை மட்டும் அழுக்காகக் கோடுபோல் தங்கியது. குழந்தை அந்த அழுக்குக் கோட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போம்மா, அம்மாகிட்ட போ" என்றார் அவர். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"விடுங்க. அவளா வரட்டும்" என்றார் அக்கா.

அவள் கையில் நெசவு நூல் தீர்ந்த ஒரு காலி அட்டைக் கோன் இருந்தது. அதைத் தரையில் உருட்டிவிட்டாள். அக்கா கீழே இறங்கி உட்கார்ந்து அதைப் பிடித்தார். இருவருக்கும் அது நெடுநாள் விளையாட்டு என்பது உருட்டிய விதத்திலேயே தெரிந்தது. அவள் உருட்ட வேண்டும், அம்மா திருப்பி உருட்ட வேண்டும். இந்த மாதங்களில் ஒருவரையொருவர் தொட அவர்களுக்கு இருந்தது அந்தக் கோன் ஒன்றுதான்.

அக்கா அதைத் திருப்பி உருட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

குழந்தை காத்திருந்தாள். கையை நீட்டினாள். அக்கா அசையவில்லை, முகத்தில் ஏதும் காட்டவில்லை. வார்டில் மாத்திரை விழுங்கியபோது இருந்த அதே முகம். குழந்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னை. அப்புறம் எழுந்து, நாலு எட்டில் வந்து, அம்மாவின் மடியிலிருந்து கோனை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்று, அம்மாவின் கழுத்துத் தழும்பை ஒரு விரலால் தொட்டாள்.

நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடக்கூடிய நேரமும் இல்லை அது. தெருவில் வெயில் வந்துவிட்டிருந்தது. மிதிபட்ட துளசியும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் கிடந்தன. செவிலிமேடு பஸ்ஸில் எல்லோரும் நின்றபடி வர, நானும் அவர்களோடு நெருக்கியடித்து நின்றேன். விலகிக்கொள்ளவில்லை.

தரிசனம் நன்றாக ஆயிற்றா என்று அம்மா கேட்டார். பார்க்கவில்லை என்றேன். கேட்டவரிடம் அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிட்டேன்: ஸ்கேன் சென்டருக்குப் போகப்போவதில்லை, மேலே படிக்கப் போகிறேன். அவர் இட்லிச் சட்டியைத் திறந்து ஆவி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டு வைத்தார்.

இப்போது வேறொரு நகரத்தில், அயோடின் அறைகள் உள்ள ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி சொல்வேன். அன்று தலைக்குக் குளித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அதோடு முடிந்தது என்பேன். குளியலுக்கும் கதிருக்கும் சம்பந்தம் இல்லை என்று உடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் அந்தத் தேதிகளை என் நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு மாலை அறைக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது, எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.