அடுத்த வீட்டு யன்னலுக்கு முன்னால் ஒரு நோர்வே வண்டி

1993 ஜூன் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகாலுக்கு, என் மனைவியின் அண்ணன் நோர்வேயிலிருந்து ஓட்டி வந்த மோட்டார்ஹோம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே கொண்ட ஏழு மீட்டர் நீள வெள்ளை வண்டி. டென்மார்க்கில் கப்பலேறி ஹாரிச் துறைமுகத்தில் இறங்கி, ஊரெல்லாம் இடப்பக்கம் ஓட, ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்த வண்டியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மச்சானைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல. வண்டியின் பின்பாதி எங்கே நிற்கிறது என்றுதான் பார்த்தேன். அது அடுத்த வீட்டு முன்னறை யன்னலை அப்படியே மறைத்துக்கொண்டு நின்றது.

எங்களுடையது இரண்டு வீடுகள் ஒரே சுவரால் ஒட்டிய வீடு. எங்கள் பக்கத்தில் பாதி இடத்தைக் காரின் நுழைவழி எடுத்துவிடும். மிச்சத்தில் ஏழு மீட்டர் அடங்காது. தெருவின் வேறு பக்கங்களில் மாலையில் இடம் கிடைப்பதில்லை. அதனால் அங்கே நிறுத்தும்படி கை காட்டியது நான்தான். காட்டிய கையை இறக்கும் முன்பே, காட்டியிருக்கக்கூடாது என்று பட்டது.

காரணம், அந்த யன்னலுக்குப் பின்னால் எங்கோ என் குடியுரிமை விண்ணப்பப் படிவம் இருந்தது. பிரித்தானியக் குடிமக்கள் இரண்டு பேர், உறவினர் அல்லாதவர்கள், இவரை எனக்குத் தெரியும் என்று அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்தை என் அலுவலக மேலதிகாரி போட்டுத் தந்துவிட்டார். இரண்டாவதற்கு அடுத்த வீட்டுக்காரரைத் தவிர எனக்கு வேறு ஆளில்லை. ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், குறைவாகப் பேசுபவர். மே மாதக் கடைசி ஞாயிறன்று வேலிக்கு மேலால் கேட்டேன். சரி என்று வாங்கிக்கொண்டார். எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதன்பிறகு கிட்டத்தட்ட மூன்று வாரங்கள் போயிருந்தன.

அந்தப் படிவம் எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா அப்போது திருச்சியில் ஒரு வாடகை அறையில் இருந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது 1984 ஆவணியில். என்னிடமிருந்த நீலநிற அகதிப் பயண ஆவணத்துக்கு இந்திய விசா இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் மறுக்க மாட்டார்கள் என்றார்கள். அம்மாவுக்கு இடக்கண் முற்றாகப் போய்விட்டது, வலக்கண்ணும் மங்கி வருகிறது என்று அவருக்காகக் கடிதம் எழுதித் தருபவர் சித்திரையில் எழுதியிருந்தார்.

மச்சானும் அவர் மனைவியும் இறங்கிவந்தார்கள். மச்சான் என் கையைப் பிடித்தார். பிறகு திரும்பி அந்த யன்னலைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்காரரிட்டைக் கேட்டனீரோ?"

"ஏன் கேக்கோணும்? ரோட்டு எல்லாருக்கும் பொதுத்தானே."

"ரோட்டு பொது. யன்னல் அந்தாளின்ரை." அவர் சிரிக்கவில்லை. "எங்கடை ஆக்களுக்கு முதல் சட்டமே இதுதான். படுக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு வீடு இருந்தா, முதலிலை கதவைத் தட்டிக் கேக்கோணும்."

"எங்கடை ஆக்களோ? ஆர்?"

"மோட்டார்ஹோம் ஆக்கள்."

என் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணைக்கு இப்ப சொந்தபந்தம் எல்லாம் கரவன்காரர்தான் போலை."

"கரவன் எண்டா இழுத்துக்கொண்டு போறது, பிள்ளை. இது தானா ஓடுறது."

"ஓடட்டும். நான் மேலை அறையிலை கட்டில் விரிச்சு வைச்சிருக்கிறன். அண்ணையும் அண்ணியும் ரோட்டிலை படுத்தா ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"ஆக்கள் ஒண்டும் சொல்லாயினம். ரெண்டு ராத்திரி. அதுக்கு மேலை ஒரே இடத்திலை நிக்கிறது மரியாதை இல்லை."

அவருடைய சட்டங்கள் அத்தோடு முடியவில்லை. வெளியே கதிரை போடக்கூடாது. கொடி கட்டி உடுப்புக் காயவிடக்கூடாது. நிற்கும்போது இயந்திரத்தை ஓடவிடக்கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டும் தெருக்கானுக்குப் போகக்கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டங்கள் அல்ல. ஆனால் ஒருவன் மீறினால் அடுத்து வருகிறவனுக்கு அந்த ஊரில் இடமில்லை என்றார். ஜெர்மனியில் ஒரு கிராமத்தில் முன்னால் போன யாரோ குப்பையை விட்டுப்போனதற்காக இவரை மழைக்குள் கிளப்பி அனுப்பினார்களாம்.

நான் அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

"மச்சான், அந்தாளிட்டை மட்டும் போகாதேங்கோ. என்ரை குடியுரிமைப் போம் அவரிட்டை இருக்கு."

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை."

"போய்க் கேட்டனீரோ?"

"கேட்டா அரியண்டம் எண்டு நினைப்பார். உதவி செய்யிற ஆளின்ரை வாசலிலை போய் நிண்டு முடிஞ்சுதோ எண்டு கேக்கிறது சரியில்லை. முடிஞ்சா அவரே தருவார்."

"உம்மடை ஊர். உம்மடை இஷ்டம்."

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் நோர்வேயிலிருந்து வீடு ஒன்று ஓடி வந்திருக்கிறது என்ற செய்தி வெஸ்ட் ஈலிங் கோயில்வரை போய்விட்டது. ஏழு மணிக்குப் பிறகு, வெள்ளிப் பூசை முடித்துவிட்டு, திருநீறு பூசிய நெற்றிகளோடு உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். ஜூன் மாதமாதலால் வெயில் இன்னும் கூரைகளில் இருந்தது. நான் எண்ணியபோது ஆறு கார்கள். வலப்பக்கம் ஓடும் தெருக்களுக்குச் செய்த வண்டி என்பதால் அதன் கதவு நடைபாதைப் பக்கம் இல்லை, வீதிப் பக்கம் திறந்தது. உள்ளே பார்க்க வந்தவர்கள் வீதியில் வரிசையாக நின்றார்கள். பின்னால் வந்த காரொன்று ஹோர்ன் அடித்தது. விம்பிள்டனிலிருந்து வந்த ஒருவர், என் மனைவியின் தூரத்துச் சித்தப்பா, எங்கள் சமையலறைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து நடைபாதையில் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வீட்டு யன்னலுக்கு நேரே.

மச்சான் படியில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "இது பார்க்கிங், திருவிழா இல்லை. பாத்திட்டு இறங்குங்கோ. கதிரையை உள்ளை கொண்டு போங்கோ."

"தேர் எத்தினை மணிக்கு வெளிக்கிடுது, தம்பி?" என்றார் கதிரையில் இருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள்.

பிள்ளைகளில் ஒருத்தி வண்டிக்கும் வேலிக்கும் இடையால் புகுந்து, அடுத்த வீட்டு முன்தோட்டத்துக்குள் போய்விட்டாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தபோது, யன்னலுக்கு உள்ளே ஒரு கை திரைச்சீலையை இழுத்து மூடியது. மணி ஏழு நாற்பது. நான்கு ஆண்டுகளில் அந்த முன்னறைத் திரை வெளிச்சம் இருக்கும்போது மூடப்பட்டதை நான் கண்டதில்லை.

வந்தவர்களை ஒன்பதரைக்குள் அனுப்பினோம். மச்சானும் அவர் மனைவியும் வண்டிக்குள் போய் விளக்கைச் சின்னதாக்கிக்கொண்டார்கள். நான் படுத்தபடி கணக்குப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் வேறு யாரைக் கேட்பது? குறைந்தது மூன்று ஆண்டுகளாவது என்னைத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். எத்தனை பேரை நினைத்துப் பார்த்தாலும் எல்லாரும் உறவினர்கள், அல்லது என்னைப் போலவே படிவத்தோடு அலைபவர்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை தாண்டியதும் மாடி யன்னலால் எட்டிப் பார்த்தேன். மச்சான் தலை வாரி, சேட்டைக் காற்சட்டைக்குள் விட்டு, அடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

நானும் மனைவியும் ஒருநாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

"போய்ப் பாருங்கோவன்," என்றார் மனைவி.

"என்னெண்டு போறது?"

"கதவைத் தட்டித்தான்."

நான் போகவில்லை. பொதுச் சுவரில் காது வைத்துக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். ஏழு முப்பத்தாறு முதல் எட்டு ஒன்று வரை, இருபத்தைந்து நிமிடங்கள். அவர் வெளியே வந்தபோது கையில் எதுவும் இல்லை. எங்கள் பக்கம் பார்க்காமல் வண்டியில் ஏறினார். அது உறுமிக்கொண்டு நகர்ந்து, தெருக்கோடியில் காலையில் காலியாகியிருந்த ஓர் இடத்தில் போய் நின்றது. விரட்டிவிட்டார்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

மச்சான் நடந்து வந்து சமையலறையில் உட்கார்ந்தார்.

"அந்த முன்னறையிலை அவற்றை மனிசி படுத்திருக்கிறா. பங்குனியிலையிருந்து. மேலை ஏற ஏலாதாம், கட்டிலைக் கீழை இறக்கியிருக்கினம். யன்னலாலை ரோட்டைப் பாக்கிறதுதான் அவவுக்குப் பொழுது. நேற்று அஞ்சேகாலிலையிருந்து அவ பாத்தது என்ரை வண்டியின்ரை வெள்ளைத் தகரத்தை."

மனைவி கோப்பையை மேசையில் வைத்தார். குளிர்காலத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணை நாங்கள் கண்டதில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

"சரியான கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவமில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை. நான்தான் கேட்டன், இதிலை நிக்கிறது கரைச்சலோ எண்டு. ஓம், கொஞ்சம் கரைச்சல்தான் எண்டார். எடுத்துவிட்டன். அவ்வளவுதான்."

"போம்?"

"மேசையிலை கிடக்கு. கவரிலை போட்டு, உம்மடை பேர் எழுதி."

"ஏன் மச்சான் கொண்டு வரேல்லை?"

"என்ரை போமோ அது?" தேநீரை ஆற்றிக் குடித்தார். "ஏன் உங்கடை ஆள் வந்து எடுக்கேல்லை எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது எண்டன்."

நான் முகம் மழித்து, வேலைக்குப் போடும் சேட்டைப் போட்டுக்கொண்டேன். மனைவி ஒரு தட்டில் வடைகளை வைத்து மூடினார். வேண்டாம், கையெழுத்துக்கு லஞ்சம் மாதிரி இருக்கும் என்றேன். அவர் தட்டைக் கையோடு வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "அவவுக்குக் குடுங்கோ, அவருக்கில்லை," என்றார். அதுவும் சரியாகப் படவில்லை. தட்டை எடுக்காமலே போனேன். எங்கள் கதவிலிருந்து அவர்கள் கதவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கவரில் கையெழுத்து இருக்கிறதா, மன்னிக்கவும் என்ற கடிதம் இருக்கிறதா என்று அந்த நேரத்துக்குள் பல தடவை மாற்றி மாற்றி நினைத்துவிட்டேன். தட்டினேன்.

அவர் திறந்ததும், நேற்றைய கூட்டத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். தோட்டத்துக்குள் வந்த பிள்ளைக்காகவும் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "மனைவி தூங்கி எழும்பும் நேரம். முகத்துக்கு நேரே ஒரு குழந்தை நின்றதும் கொஞ்சம் பயந்துவிட்டாள்," என்றார். கவரை எடுக்க உள்ளே திரும்பினார்.

முன்னறைக் கதவு திறந்திருந்தது. திரை விலகியிருந்தது. தலையணைகளில் சாய்ந்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"உங்கள் மனைவி காலையில் எட்டு இருபதுக்கு ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள்," என்றார். "மழை பெய்தாலும் குடை கொண்டுபோவதில்லை. அவள் பெயர் என்ன?"

சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை கிட்டத்தட்ட சரியாக வந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அதை அப்போது கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த முறை கேட்டேன்.

கவரை வீட்டுக்குள் வந்துதான் பிரித்தேன். மச்சானும் என் மனைவியும் இரு பக்கத்திலும் நின்றார்கள். கட்டங்கள் எல்லாம் நீல மையில், தெளிவான பெரிய எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. எத்தனை காலமாகத் தெரியும்: நான்கு ஆண்டுகள். எப்படித் தெரியும்: அடுத்த வீட்டுக்காரர், ஒருநாளும் தொந்தரவு தந்ததில்லை. கீழே கையெழுத்து.

"போட்டிட்டாரே," என்று மனைவி பெருமூச்சு விட்டார். மச்சான் வடையை எடுத்துக் கடித்தார்.

நான் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மே மாதத்துத் திகதி. நான் படிவத்தைக் கொடுத்த ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை. அவர் மறுநாளே எழுதி, கவரில் போட்டு, நான் வருவேன் என்று மேசையில் வைத்திருந்தார். அவர் தருவார் என்று நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

மச்சான் சொன்னபடி இரண்டு இரவுகளோடு ஞாயிறு காலை புறப்பட்டார். புறப்படும் முன் தெருக்கோடியில் வண்டி நின்ற இடத்தைக் குனிந்து பார்த்து, எண்ணெய் சொட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் நான் படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

கடவுச்சீட்டும் விசாவும் கைக்கு வந்து, நான் திருச்சியில் அம்மாவின் அறை வாசலில் நின்றது அடுத்த ஆண்டு ஒக்டோபரில். அப்போது அம்மாவுக்கு வாசலை யாரோ மறைக்கிறார்கள் என்று தெரியும் அளவுக்குப் பார்வை இருந்தது. யார் என்று குரலைக் கேட்டுத்தான் சொன்னார். மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் முகம் தெரிந்திருக்குமா என்று அவருடைய கண் மருத்துவரிடம் நான் கேட்கவில்லை.